இடது கண்ணுக்குக் கீழே

ஜூன் 8

எங்கள் பெண்குதிரை செவந்தி மத்தியானத்திலிருந்து கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறாள். காம்பு நுனியில் மெழுகு மாதிரி பால் கட்டியிருக்கிறது. அப்படிக் கட்டினால் குட்டி இன்றோ நாளையோ என்று அர்த்தம். அப்பா கல்யாண ஊர்வலத்துக்காக வெள்ளைக் குதிரையை ஓட்டிக்கொண்டு கோபி போயிருக்கிறார். நாளை மதியம்தான் வருவார்.

அம்மாவுக்கு ஏழாம் மாதம். அவளால் குனிய முடியாது. நான்தான் வைக்கோல் பரப்பினேன், தண்ணீர் சுமந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லவில்லை. போன வருடத்திலிருந்து அவளிடம் சில விஷயங்களை நான் சொல்வதில்லை.

கொசுவலைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யார் கண்ணிலும் படக் கூடாது. முக்கியமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிற அப்பாவின் அக்கா, பர்வதம் அத்தை கண்ணில்.

ஜூன் 9

விடிகாலையில் பிறந்தது. முதலில் இரண்டு முன்னங்கால், அவற்றின்மேல் மூக்கு. அம்மா தவிட்டு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டு, "இழுக்காத கண்ணு, சும்மா புடிச்சுட்டு மட்டும் நில்லு. அவளுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

பெண் குட்டி. செவந்தியைப் போலவே செவலை. நெற்றியில் சின்னதாக ஒரு வெள்ளை. "பொட்டு வெச்சுட்டே பொறந்திருக்கறா பாரு" என்றாள் அம்மா. அதனால் பெயர் பொட்டு.

செவந்தி நக்கி நக்கி முடி காய்ந்த பிறகுதான் நான் பார்த்தேன். பொட்டுவின் இடது கண்ணுக்குக் கீழே, வாளியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு இறங்குமே, அதுபோல முடி சுற்றியிருக்கிறது.

அதற்குக் கண்ணீர்ச் சுழி என்று பேர். குதிரை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சுழி இருக்கிற குதிரை நிற்கிற வீட்டில் அழுகை கேட்கும்.

போன வருடம் அம்மாவுக்கு ஆறாம் மாதத்தில் பாப்பா போய்விட்டது. அடுத்த வாரமே அத்தை கொட்டகைக்கு வந்து ஒவ்வொரு குதிரையாகத் தடவிப் பார்த்தாள். கருப்பட்டியின் பின்னங்காலில் ஒரு சுழியைக் கண்டுபிடித்தாள். ஆறு வருடமாக யார் கண்ணிலும் படாத சுழி. கருப்பட்டியை வண்டியில் ஏற்றும்போது அது திரும்பி என்னைப் பார்த்தது. யார் வாங்கினார்கள், எங்கே போனது, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா காப்பி வைக்க உள்ளே போனாள். நான் ஓடிப்போய் அப்பாவின் மீசைக் கத்தரியை எடுத்துவந்து அந்த இடத்து முடியை ஒட்ட வெட்டிவிட்டு, கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவினேன். பொட்டு அசையவே இல்லை.

மதியம் அப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்கு வந்து குட்டியைக் கழுத்திலிருந்து வால் வரை தடவினார். பிறகு முகத்தைத் தடவினார். கட்டை விரல் கண்ணுக்குக் கீழே போனது. கை ஒரு நிமிடம் அங்கேயே இருந்தது. அப்புறம், "நல்ல குட்டி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

தப்பித்தோம். கத்தரியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பழையபடி வைத்துவிட்டேன்.

அப்பா இன்று சாப்பிடவில்லை. வெயிலில் வந்த களைப்பு.

ஜூன் 10

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. எழுத நேரமில்லை.

ஜூன் 16

காலை ஐந்தரைக்கு எழுந்து சாணி அள்ளுகிறேன். செவந்திக்கு ஊறவைத்த கொள்ளும் தவிடும் வைத்து, இரும்புச் சீப்பால் உடம்பு தேய்த்துவிட்டுக் குளித்துப் பள்ளிக்கூடம் போகிறேன். என்மேல் குதிரை வாடை அடிக்கிறது என்று வகுப்பில் சிரிக்கிறார்கள். அது பரவாயில்லை. "உங்கம்மா இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பதுதான் பிடிக்கவில்லை.

பொட்டு ஓடக் கற்றுக்கொண்டுவிட்டது. நிற்கத்தான் தெரியவில்லை. ஓடிவந்து என்மேல் மோதித்தான் நிற்கிறது.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பொட்டுவின் முடியை மறுபடி வெட்டக் கத்தரியை எடுத்துப் போனேன். வெட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரமாகியும் வளரவே இல்லை. குட்டிகளுக்கு முகத்து முடி மெதுவாக வளரும் போலிருக்கிறது. நல்லதுதான்.

ஜூன் 27

அப்பா இப்போது வாரா வாரம் கோயிலுக்குப் போகிறார். முன்பெல்லாம் அம்மா கூப்பிட்டாலும், "எனக்குக் கொட்டாய்தான் கோயில்" என்று சொல்பவர். வரும்போது மந்திரித்த எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறார். ஒன்று கொட்டகை வாசலில் தொங்குகிறது, ஒன்று அம்மாவின் தலையணைக்குக் கீழே.

அம்மாவின் கால் வீங்கியிருக்கிறது. செருப்புப் பட்டை பதிந்த இடம் ராத்திரி வரைக்கும் அப்படியே பள்ளமாக இருக்கிறது. மாசமாக இருந்தால் அப்படித்தான் இருக்குமாம். தலைவலி என்று சீக்கிரம் படுத்துவிட்டாள்.

"பாப்பா அசையுதாம்மா?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உள்ளிருந்து ஓர் உதை. "பொட்டுகூடப் போட்டி போடுது" என்றாள்.

ஜூலை 3

கத்தரி கண்ணாடிக்குப் பக்கத்தில் இல்லை. தேடித் தேடி, கடைசியில் கொட்டகைச் சுவர் மாடத்தில் கிடைத்தது. போன தடவை நான்தான் மறந்து வைத்துவிட்டேன் போலிருக்கிறது. நல்லவேளை, அப்பா கண்ணில் படவில்லை.

ஜூலை 6

அத்தை குட்டி பார்க்க வந்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை குனிந்து பார்த்தாள். பொட்டு அவள் முந்தானையைக் கடித்து இழுத்தது.

"அலும்பு புடிச்ச குட்டி. ஏன் ஈசு, சுழியெல்லாஞ் சுத்தமா? கலாமணி மாசமா இருக்கறா, பாத்துக்க."

"சுத்தந்தாங்க்கா" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. குதிரை விற்கும்போது, விலை பேசுவதற்கு முன்னால் தானாகவே சுழியைக் காட்டிவிடுவார். "மொதல்ல சுழி பாருங்க, அப்பறம் பேசலாம்" என்பார். பொள்ளாச்சியிலிருந்து கரூர் வரைக்கும் அந்த வார்த்தைக்காகவே எங்களிடம் வருகிறார்கள். அப்படிப்பட்டவரை நான் ஏமாற்றிவைத்திருக்கிறேன்.

ஜூலை 11

சாப்பிடும்போது அப்பா சொன்னார். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் அடுத்த ஞாயிறு வருகிறார். செவந்தியையும் பொட்டுவையும் சேர்த்தே கொடுத்துவிடப் போகிறார்.

"ஆடித் திருவிழாவுல இவங்களைத்தான் நிறுத்தப் போறோம்னு சொன்னீங்களேப்பா?"

"வேற குதிரையா இல்ல?"

அம்மா எனக்குக் குழம்பு ஊற்றினாள்.

இப்போது யோசிக்கிறேன். பொட்டு இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்றுதான் முடியை வெட்டினேன். வெட்டியதால் பொட்டு குறையில்லாத குட்டியாகிவிட்டது. குறையில்லாத குட்டியை யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள்.

இனி வெட்டக் கூடாது. சுழி தெரியட்டும். பொள்ளாச்சிக்காரர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகட்டும். ஆனால் சுழி தெரிந்தால் அத்தைக்கும் தெரியும். அதற்கப்புறம் அம்மாவுக்கு ஏதாவது...

இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஜூலை 18

ஒரு வாரமாகக் கத்தரியைத் தொடவில்லை. ஆனாலும் முடி நேற்று வெட்டியதுபோலக் குட்டையாக இருக்கிறது. தடவினால் விரலில் குத்துகிறது.

அம்மாவுக்கு இன்றும் தலைவலி.

ஜூலை 20

பொள்ளாச்சிக்காரர் பத்து மணிக்கு வந்தார். பெயர் தெய்வசிகாமணி. வெள்ளைச் சட்டை, பெரிய சிரிப்பு. கொட்டகைக்குள் நுழையும்போதே, "ஏனுங்ணா, காதைப் பாருங்க! ரெண்டு நுனியும் கும்புடற மாதிரி சேருது!" என்று செவந்தியைப் பார்த்துச் சொன்னார். எனக்கே பெருமையாக இருந்தது. பெருமைப்பட வேண்டிய நேரமா அது!

ஓட்டிக் காட்டச் சொன்னார். நான் செவந்தியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்தில் இரண்டு சுற்று ஓடினேன். பொட்டு பக்கத்தில் அதே தாளத்தில் ஓடிவந்தது. மற்ற நாட்களில் ஒரு தடவையாவது தடுக்கி விழும், இன்றைக்கென்று விழவில்லை.

"அம்மிணி என்னமா ஓட்டறா! எந்தக் கண்காட்சில நிறுத்துனாலும் பிரைசுதான்."

அப்பா பொட்டுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவருக்கு வலது பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தியிருந்தார். தெய்வசிகாமணி நகர்ந்தால் அப்பாவும் குட்டியோடு நகர்ந்தார். அவர் 'மொதல்ல சுழி பாருங்க' என்று சொல்வதற்காக நான் காத்திருந்தேன். அப்பா பல்லைப் பற்றிச் சொன்னார். குளம்பைப் பற்றிச் சொன்னார். செவந்தியின் தாய் எங்கிருந்து வந்தாள் என்று சொன்னார். அதை மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

கடைசியில் அவரே, "சுழி..." என்று ஆரம்பித்துவிட்டு, தானே சிரித்தார். "உங்க கொட்டாயில வந்து சுழி பாத்தா சாமி குத்தமுங்ணா. நீங்க குடுக்கறீங்கன்னா சுத்தமாத்தான் இருக்கும்."

"காப்பி குடிச்சுட்டுப் பேசலாங்க" என்றார் அப்பா. அவர் குரலே மாறியிருந்தது.

அம்மா தட்டில் காப்பி எடுத்துவந்தாள். தெய்வசிகாமணி அம்மாவைப் பார்த்ததும் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார். "நீ எதுக்கு தங்கச்சி சொமந்துட்டு வர்றே? எம் பொண்ணும் இப்பத் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கறா. ஆவணில நாளு. பேரனோ பேத்தியோ, இந்தக் குட்டி அவியளுக்குத்தான். ரெண்டும் ஒண்ணா வளரட்டும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அதுக்கு எடது கண்ணுக்குக் கீழ கண்ணீர்ச் சுழி இருக்குதுங்கண்ணா" என்றாள் அம்மா, காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்பது மாதிரி.

தெய்வசிகாமணி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். பொட்டுவின் முகத்தைத் திருப்பிக் கட்டை விரலால் தடவினார். முடியை வெட்டினாலும் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது விரலுக்குத் தெரியுமாம். அது எனக்கு இன்றுதான் தெரியும். அப்பாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

"நீங்க சொல்லலீங்களே?"

"சொல்ல வாய் வரலீங்க" என்றார் அப்பா.

தெய்வசிகாமணி கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். திரும்பி வந்து, ஆறிப்போன காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். அம்மாவிடம் மட்டும், "வர்றேன் தங்கச்சி. ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் அம்மா தவிட்டு டிரம்மில் உட்கார்ந்தாள்.

"அப்பனும் புள்ளையும் செரைச்சுச் செரைச்சு அந்தக் குட்டி மூஞ்சியே மொட்டையாப் போச்சு. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்! மொத நாளு இவ வெட்டுனா, அதுக்கப்பறம் அவரு வாரா வாரம் வெட்டுறாரு. அது எந்திரிச்சு நின்ன அன்னிக்கே நான் பாத்துட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"பொள்ளாச்சிக்காரரு ஊட்டுலயும் ஒரு புள்ள மாசமா இருக்குதுல்ல? சுழிய நம்பறீங்கன்னா, அவிய ஊட்டுக்கு அழுகைய வித்தனுப்பறீங்க. நம்பலைன்னா, எதுக்கு மாமா விக்கோணும்?"

"கலா, போன தடவை..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"போன தடவை கொழந்தையும் போச்சு, கருப்பட்டியும் போச்சு. அத வித்து என்ன திரும்பி வந்துச்சு? டாக்டரம்மா பிரசர்னு சொன்னாங்க. நீங்களும் நங்கையாளும் குதிரைன்னீங்க." அத்தையை அம்மா நங்கையா என்றுதான் சொல்வாள். "இப்பவும் பாருங்க. பிரசர் மாத்திர தீந்து நாலு நாளாச்சு. ரெண்டு தடவை சொன்னேன். உங்க காதுல ஏறல. எலுமிச்சம்பழம் மட்டும் வாரந் தவறாம வருது."

அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். மாத்திரையோடு வந்தார். வந்ததும் கொட்டகை வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அறுத்து எறிந்தார்.

மீசைக் கத்தரியைக் கழுவி, கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பாவின் மீசை ஒரு மாதமாக வெட்டாமல் கிடந்ததை இன்றுதான் கவனித்தேன்.

ஜூலை 23

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து அவளுடைய சத்தம்தான். "எங்காச்சும் ஓட்டி உடு! ஓசிலயாவது குடுத்துத் தொல! அப்பறம் எம்மேல பழி சொல்லாத!"

அப்பா மாத்திரை அட்டையைக் காட்டி, "இனிமே இதுதாங்க்கா எங்களுக்குச் சுழி" என்றார்.

அத்தை எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டாள் என்று எழுத ஆசை. ஆனால் சாயங்காலமே ரசம் கொண்டுவந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 7

ஆடித் திருவிழா. அந்தியூரே குதிரையாக இருந்தது. செவந்தியையும் பொட்டுவையும் நான்தான் களத்தில் நடத்தினேன். இப்போது முடி நன்றாக வளர்ந்து சுழி எல்லோருக்கும் தெரிகிறது. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா, "மொதல்ல சுழி பாருங்க" என்றார். பாதிப் பேர் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பொட்டு நடுவர் தொப்பியைக் கடித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 12

அம்மாவுக்குக் காலையில் கண் மங்கலாகத் தெரிந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா காரைக் கூப்பிட்டு ஈரோட்டுக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அத்தையும் கூடப் போயிருக்கிறாள். நான் குதிரைகளோடு இருக்கிறேன்.

எல்லா வேலையையும் செய்தேன். சாணி அள்ளினேன், தண்ணீர் வைத்தேன். சாயங்காலம் அப்பா போன் செய்தார். "பாக்கறாங்க கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. போன் வந்த பிறகு கொட்டகைக்குப் போனேன். பொட்டுவின் சுழியைப் பார்த்தேன். வாசல் படலை முழுதாகத் திறந்து வைத்தேன். ரோடு தெரிந்தது. "போ" என்று சொன்னேன். கையால் தள்ளினேன். போ, போ, எங்கேயாவது போ என்று கத்தினேன்.

பொட்டு நாலு அடி போய், ரோட்டைப் பார்த்தது. திரும்பி ஓடிவந்து வழக்கம்போல என்மேல் மோதி நின்றது. என் கன்னத்தை நக்கியது. குதிரைகளுக்கு உப்பு பிடிக்கும். நான் அழவில்லை. அது வியர்வை.

படலைச் சாத்தி, இரண்டு கட்டுப் போட்டேன்.

ஆகஸ்ட் 13

போன் வரவில்லை. கொள்ளு ஊறப் போட்டேன்.

ஆகஸ்ட் 15

நேற்று ஆபரேஷன் செய்து எடுத்தார்களாம். தம்பி. எடை கொஞ்சம் குறைவு. அம்மா நன்றாக இருக்கிறாள். சரியான நேரத்துக்குக் கூட்டிவந்ததால் பிழைத்தார்கள் என்று டாக்டரம்மா சொன்னாராம். பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் வாங்கியதும் அப்பா வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

தம்பி செக்கச் செவேலென்று இருக்கிறான். செவலைதான். கை விரலைக் கொடுத்தால் விடமாட்டேன் என்கிறான். அம்மாவின் உதடு காய்ந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அத்தை குழந்தையின் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவியவள், "அடி ஆத்தா!" என்றாள். "ரெட்டைச் சுழி! இங்க பாரு ஈசு, உச்சில ஒண்ணு, பக்கத்துலயே இன்னொண்ணு. இவனுக்கு ரெண்டு கல்யாணம்! என்ன பண்ணப் போறீங்களோ!"

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "பொள்ளாச்சிக்காரருக்குப் போனப் போடுங்க மாமா. மொதல்ல சுழியச் சொல்லீட்டுப் பேசுங்க."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். நர்ஸ் எட்டிப் பார்த்து அதட்டியும் நிறுத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்தார். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. அவரைப் பார்த்து அம்மாவுக்கும் வந்தது. அத்தையும் மூக்கை உறிஞ்சினாள். என்னைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

ஆகச் சுழி பலித்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். அத்தையிடம் மட்டும் நான் இதைச் சொல்லப்போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொட்டுவிடம் சொன்னேன்.